ஊருக்கு ஒரு சாட்சி

மாக்கஸ் அமிர்தநாதர் பெரிய ஆட்டக்காரன் அல்லன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கனடாவின் ஸ்காபரோவில் அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் அவன் ஐரோப்பாவை ஒரு கலக்குக் கலக்கிவிட்டு வந்தவன் என்பார்கள். மற்ற வகையினர் பாஸ்கற்போல் என்று பெயர் பண்ணிக்கொண்டு அங்கே கோப்பை கழுவினவன் என்பார்கள். இரண்டு வகையினரும் அவன் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை.

உண்மை இவ்வளவுதான். கூடைப்பந்தில் கார்ட் என்று ஒரு இடம் உண்டு. பந்தைத் தட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோய், யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவன். அந்த இடத்தில் மாக்கஸ் பத்து வருடங்களுக்கு மேலாக, நோர்வே, டென்மார்க், ஜேர்மனி, சுவிஸ், சைப்பிரஸ், ருமேனியா என்று ஆறு நாடுகளில் கூலிக்கு ஆடினான். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கழகங்கள். மீன் பெட்டிக் கம்பனியின் பெயரோ தளபாடக் கடையின் பெயரோ போட்ட சேட்டுகள். ஐந்நூறு பேர் வந்தால் அது நல்ல கூட்டம்.

கார்ட் ஒருவன் முதலில் படிக்கிற பாடம், எதிரில் நிற்பவனின் கண்ணை நம்பாதே என்பது. அவன் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வலப்பக்கம் போவான். தலை பொய் சொல்லும், தோளும் பொய் சொல்லும். இடுப்பு மட்டும் சொல்லாது. உடம்பு எங்கே போகப்போகிறதோ இடுப்பு அங்கே போயாகவேண்டும். மாக்கஸ் இந்தப் பாடத்தை ஆட்டக்களத்துக்கு வெளியேயும் கொண்டுவந்துவிட்டான். கடைக்காரன் மிச்சம் கொடுக்கும்போதும், வைத்தியர் சிரிக்கும்போதும், அவன் பார்வை கொஞ்சம் கீழே இறங்கும்.

பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. டென்மார்க்கில், கூட ஆடிய ஒருவனிடம், ஒரே அறையில் படுக்கிறவன்தானே என்று, வலது முழங்கால் வீங்குகிறது என்று சொன்னான். அடுத்த கிழமை பயிற்சிக்குப் போனபோது அவனுடைய இடத்துக்கு ஒரு லித்துவேனியாக்காரன் வந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கழகத்திடம் போய்ச் சொன்ன அந்த அறைத் தோழன் சாப்பாட்டு மேசையில் உப்பை எடுத்து நீட்டினான். அன்றைக்குப் பிறகு மாக்கஸ் தன் முழங்காலைப் பற்றி எவரிடமும் வாய் திறந்ததில்லை. எந்த ஊரில் யார் கேட்டாலும், "நல்லா இருக்கு."

முப்பத்து நாலு வயதில் முழங்கால் தானே முடிவெடுத்தது. திரும்பி வந்தான். கிழமை நாட்களில் ஒரு களஞ்சியத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் வாடகை மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. ஒரு வருடம் கழியமுன் செரீனாவைக் கட்டுவதாக முடிவானது. செரீனா மோர்னிங்சைட் பக்கம் ஒரு கிளினிக்கில் பிசியோ. அவனுடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவள். பேசி வந்த கலியாணம் அல்ல. தானாக நடந்தது என்று மாக்கஸ் நினைத்திருந்தான். அவனுடைய வாழ்க்கையில் ஒப்பந்தம் இல்லாமல் நடந்தவை அதிகம் இல்லை. ஆகையால் அந்த நினைப்பு அவனுக்குப் பெறுமதியானது.

கத்தோலிக்கக் கோவிலில், தமிழ்ப் பூசையின் முடிவில், மற்ற அறிவித்தல்களோடு, கலியாணம் செய்ய இருக்கிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடியும். மன்னார்ப் பக்கத்து ஆட்கள் இதை இன்னும் ஓலை என்றுதான் சொல்கிறார்கள். அதை வாசிக்கும்போது ஒருவரும் அசையமாட்டார்கள். ஆனால் எல்லாருடைய கழுத்தும் திரும்பத் துடிக்கும்.

முதல் ஓலை வாசித்த அன்றைக்கே ஒருவர் பங்குத் தந்தையிடம் போனார். போனவர் பெண்ணின் தகப்பன் எட்வேட்.

ஃபாதர் றொனால்ட் மாக்கஸையும் அறைக்குள் கூப்பிட்டுவிட்டார். எட்வேட் அங்கே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். எல்லாக் கண்ணாடியையும் இரண்டு தரம் பார்க்கிற மனிதர்.

"தடை எண்டு இல்லை ஃபாதர்," என்றார் எட்வேட். "சந்தேகம்."

"ஓலையில சந்தேகத்துக்கு இடமில்லை எட்வேட். தடைக்குத்தான் இடம்."

"அப்ப சந்தேகம் தீரட்டும், ஃபாதர். தம்பி, குறை நினையாதையும். பத்துப் பன்னிரண்டு வருசம் நாடு நாடாத் திரிஞ்சிருக்கிறீர். ஒரு ஊரிலயும் ரெண்டு மூண்டு வருசத்துக்கு மேல நிண்டதில்லை. ஏன் நிக்கேல்லை?"

"கொன்ராக்ற் வருசத்துக்கு வருசம் முடியும், அங்கிள்."

"நல்லா வேலை செய்யிறவனை ஆர் விடுவான்? நான் இருபத்தாறு வருசமா ஒரே கம்பனி." எட்வேட் பாதிரியாரைப் பார்த்துத் திரும்பினார். "எங்கட சனம் எப்ப ஃபாதர் ஒரு நாட்டை விட்டு மற்ற நாட்டுக்குப் போகும்? அகதிக் கேஸ் விழுந்தாப் போகும். இல்லாட்டி ஏதாவது சிக்கல் எண்டாப் போகும். இவர் கனடாப் பாஸ்போட்டை வைச்சுக்கொண்டு ஏன் ஓடினவர்?"

ஓடினது விளையாட்டுக்கு என்று மாக்கஸ் சொல்லியிருக்கலாம். எட்வேட்டின் தலைமுறைக்கு நாடு மாறுவது என்றால் ஒரே அர்த்தம்தான். அதை அவர்கள் அரை வயிற்றோடும் பொய்ப் பெயரோடும் படித்தவர்கள். அதற்கு எதிராக ஒரு தளபாடக் கடையின் சேட்டைக் காட்டி என்ன வாதாடுவது?

"எங்கையாவது ஒரு மனுசி, ஒரு பிள்ளை இருந்தால்," என்றார் எட்வேட் மெதுவாக, "பிறகு என்ர பிள்ளை அல்லோ அழவேணும்."

ஃபாதர் மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அவர் அவசரப்படாதவர். "திருச்சபைக்கும் இதில ஒரு முறை இருக்கு. வேற இடங்களில இருந்த ஆள் எண்டால், அங்க தனியாளா இருந்தவர் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லவேணும். மாக்கஸ், ஊருக்கு ஒருத்தர். நான் ரெலிபோனில கதைக்கிறன். மூண்டாம் ஓலைக்கு முதல் முடிஞ்சால் எல்லாருக்கும் நல்லது. முடியாட்டி ஓலை நிக்கும்."

வெளியே வந்தபோது மாக்கஸுக்குக் கோபம் இருந்தது. ஆனால் பயம் இருக்கவில்லை. சாட்சி சொல்ல அவனுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

அவன் ஆடிய ஊர்களில் எல்லாம், எப்படியோ, ஒரு தமிழ் முகம் அவனைத் தேடி வந்திருந்தது. நோர்வேயின் வடக்குக் கோடியில், மீன் பதப்படுத்துகிற இடத்தில் வேலை செய்த குணவதி அன்ரி, முதல் மாதமே ஐஸ்கிரீம் வாளியில் மீன் குழம்போடு வந்தா. பிறகு ஊரில் நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தா. விதி ஒன்றும் தெரியாது, பந்து எவனிடம் இருந்தாலும் "விடாதை, விடாதை!" என்று கத்துவா. ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் அவனுக்கென்று மேசை ஒதுக்கினார். சைப்பிரஸில் வயோதிபர் ஒருவரைப் பராமரித்த மன்னார் அக்கா ஒருத்தி, தனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் அவனுடைய சேட்டுகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தா. டென்மார்க்கிலும் சுவிஸிலும் அப்படியே.

கழகங்கள் அவனை வாங்கின, விற்றன. கூட ஆடியவர்கள் அவனுடைய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டியவர்கள் புள்ளிக் கணக்குக்குக் கைதட்டினார்கள். இந்த மனிதர்கள் மட்டும் எதுவும் எதிர்பாராமல் வந்தவர்கள் என்று மாக்கஸ் நம்பினான். எல்லாவற்றையும் சந்தேகிக்கிற ஒருவன் சந்தேகிக்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரே மூலை அது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அவனுடைய அம்மா றீற்றா குசினியில் ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. செய்தி அவவுக்கு அவனுக்கு முதலே வந்துவிட்டது.

"ஓம் குணவதி, அதே பிள்ளைதான். அண்டைக்கு உன்னைப் போய்ப் பாக்கச் சொன்னனே, அந்த மாக்கஸ்தான். கோவில் சுவாமி ரெலிபோன் எடுப்பார், நல்ல மாதிரிச் சொல்லு."

"சொல்லாமல் விடுவனே றீற்றா?" என்றது நோர்வே.

மாக்கஸ் குசினி வாசலில் நின்றான். அம்மா திரும்பினா. கத்தி வெங்காயத்தின் நடுவில் நின்றது.

"குணவதி, பிறகு எடுக்கிறன்."

"நீங்களோ அனுப்பினது?" என்றான் மாக்கஸ்.

"என்னடா அனுப்பினது? என்ன பார்சலே?"

"குணவதி அன்ரியை. நீங்களோ என்னைப் பாக்க அனுப்பினது?"

"அவள் எங்கட சின்னம்மான்ர மகளோட படிச்சவள். ஒருக்கா எட்டிப் பார் எண்டனான். அதில என்ன?"

"ஜேர்மனிக் கடைக்காரர்?"

றீற்றா வெங்காயத்தை மறுபடி வெட்டத் தொடங்கினா. "அவர் அப்பான்ர ஊர்ச்சங்கத்து ஆள்."

"சைப்பிரஸ் அக்கா?"

"அவளுக்கு இஞ்சத்தைப் பங்கில தமக்கை இருக்கிறா."

"டென்மார்க்? சுவிஸ்?"

"உப்பிடி ஒவ்வொண்டாக் கேட்டால்? ஓம். எல்லாம் நான்தான். இருபத்திரண்டு வயசில உன்னைப் பனிக்குள்ள விட்டிட்டு இஞ்ச நான் என்ன செய்யிறது? நீ ரெலிபோனில எல்லாத்துக்கும் 'நல்லா இருக்கு' எண்டுவாய். உன்ர 'நல்லா இருக்கு' ஆருக்கு வேணும்?"

"வேவு பாத்திருக்கிறீங்கள்."

"வேவோ! விசாரிச்சனான். பெத்தவை விசாரிக்கக் கூடாதே?"

"அவ ஒவ்வொரு மேட்சுக்கும் வந்தவ, அம்மா. ஸ்னோவில நடந்து வந்தவ."

"அது எனக்குத் தெரியாது. நான் ஒருக்காப் போய்ப் பார் எண்டுதான் சொன்னனான்."

அந்த வார்த்தை அப்போது அவன் காதில் ஏறவில்லை. அவன் வரவேற்பறையில் இருந்த தகப்பனைப் பார்த்தான். அமிர்தநாதர் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி," என்றார் பத்திரிகைக்குள்ளிருந்து. அவருடைய இடுப்பு கதிரையில் கொஞ்சம் அசைந்தது.

"ருமேனியா?" என்று கேட்டான் மாக்கஸ். "அங்க ஆர்?"

றீற்றா கத்தியைக் கீழே வைத்தா. "அங்கதான் எனக்கு ஒருத்தரும் கிடைக்கேல்லை. எல்லா இடமும் கேட்டுப் பாத்தன். அந்த வருசம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை." பிறகு திடுக்கிட்டவ போல, "அந்த ஊருக்குச் சுவாமியிட்டை ஆரைச் சொல்லப் போறாய்?" என்றா.

ருமேனியாவில் ஒருவன் வந்திருந்தான். மாக்கஸ் அதை அம்மாவிடம் உடனே சொல்லவில்லை.

அவன் பெயர் பிரசாந். ஆட்டம் முடிந்து வரும்போது மண்டபத்து வாசலில், வேலை உடுப்பில் சீமெந்துத் தூசியோடு, கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றான். "அண்ணை, நீங்கள் தமிழ்தானே? போஸ்டரில பேர் பாத்தனான்," என்றான். பெட்டியை நீட்டினான். புட்டு என்றான். பிறகு இரண்டாவது வசனமாகவே, "முழங்கால் எப்பிடி அண்ணை? இண்டைக்கு நொண்டினீங்கள்," என்றான்.

அந்தப் பருவம் தொடங்கும்போதுதான் கூடைப்பந்துச் சங்கத்துக்காரர்கள் வந்து வகுப்பு எடுத்திருந்தார்கள். சூதுப் பந்தயக்காரர்களின் ஆட்கள் உங்கள் மொழியில் பேசிக்கொண்டு வருவார்கள், சாப்பாடு கொண்டு வருவார்கள், காயத்தைப் பற்றி விசாரிப்பார்கள், உடனே அறிவியுங்கள் என்று. மாக்கஸ் வகுப்பைக் கவனமாகக் கேட்டவன். பெட்டியை வாங்கவில்லை. "நல்லா இருக்கு" என்றுவிட்டு உள்ளே போய் அறிவித்தான். அடுத்த ஆட்டத்திலிருந்து வாசல் காவலாளி பிரசாந்தை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெட்டியோடு அவன் கொஞ்ச நேரம் நின்றதை மாக்கஸ் பார்த்தான். சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தான். இப்போதும் அது பிழை என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கணக்கு இப்படி வந்து நின்றது: அனுப்பப்பட்டவர்களை எல்லாம் அவன் நம்பினான், எவரும் அனுப்பாமல் வந்த ஒருவனைச் சந்தேகித்தான்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்தக் கிழமை அவனுக்குள் வேறொரு கேள்வி முளைத்தது. முழங்காலைக் காட்டச் சொல்லி மோர்னிங்சைட் கிளினிக்கை அவனுக்குச் சொன்னது யார்? அம்மா. "அங்க போ, பார்க்கிங் சுகமாம்" என்று சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. றீற்றாவுக்குக் கார் ஓடத் தெரியாது. பார்க்கிங் சுகம் என்று எப்படித் தெரியும்?

செரீனா வேலை முடிந்து வரும்வரை அந்தச் சுகமான பார்க்கிங்கில் காத்திருந்தான். அவள் காரில் ஏறியதும் கேட்கவில்லை. கிளினிக் இருந்த பிளாசாவிலேயே இரண்டு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அவள் பாதி குடித்த பிறகு, அம்மாவின் ஆட்களைப் பற்றி முதலில் சொன்னான். குணவதி அன்ரி கதைக்கு அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"பொறும். உதை ஏன் எனக்குச் சொல்லுறீர்? உம்மட அம்மா என்னையும் அனுப்பினவவோ எண்டு கேக்கத்தானே?"

மாக்கஸ் தேத்தண்ணிக் கோப்பையைச் சுழற்றினான். "கேட்டால் என்ன?"

"கேளும். நான் சொல்லமாட்டன்."

"அப்ப ஏதோ இருக்கு."

"பாத்தீரா? ஓம் எண்டு சொன்னால் மூண்டாம் ஓலையை நிப்பாட்டுவீர். இல்லை எண்டு சொன்னால் வீட்டை போய் இருந்து, இவள் ஏன் இவ்வளவு கெதியா இல்லை எண்டவள் எண்டு யோசிப்பீர். சீரியஸ்லி, மாக்கஸ், ரெண்டும் எனக்கு வேண்டாம்."

"ஒரு சொல்லுத்தானே செரீனா."

"முதல் நாள் உம்மட முழங்காலை அமத்தினனான். கால் துள்ளினது. நோகுதோ எண்டு கேட்டன். நோகேல்லை எண்டீர். நான் என்ன செய்தனான்? பேசாமல் ஐஸ் வைச்சனான். உண்மையைச் சொல்லும் எண்டு சாட்சி கேட்டனானோ?" அவள் கதவைத் திறந்தாள். "கட்ட விருப்பமில்லை எண்டால் நீரே ஃபாதரிட்டைப் போய்ச் சொல்லும். என்னட்டை இருந்து காரணம் எடுத்துக்கொண்டு போக நிக்காதையும்."

அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் இடுப்பைப் பார்த்தான். அது நேராக அவளுடைய காரை நோக்கிப் போனது. அதிலிருந்து எதையும் அறிய முடியவில்லை.

சந்தேகம் ஒரு கருவி என்று மாக்கஸ் நினைத்திருந்தான். வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வைக்கலாம் என்று. வைக்கப் போனபோதுதான் தெரிந்தது, அது கையாகவே மாறிவிட்டது என்று. அம்மாவிடம் ருமேனியாப் பொடியனின் பெயரைச் சொன்னான். அவனை ஏன் உள்ளே விடவில்லை என்பதையும் சொன்னான். றீற்றா அவனைத் திட்டுவா என்று எதிர்பார்த்தான். அவ ரெலிபோனை எடுத்தா.

இரண்டு நாளில் பிரசாந் அகப்பட்டான். ருமேனியாவிலிருந்து இத்தாலிக்குப் போய், ஒரு ஹொட்டேல் குசினியில் வேலைக்கு நின்றான். எந்த வழியால் கண்டுபிடித்தீர்கள் என்று மாக்கஸ் கேட்கவில்லை. கேட்டால் பயமாக இருக்கும் போலிருந்தது.

ஃபாதர் றொனால்டின் அறையில் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு பேர். மற்ற ஐந்து ஊர்களும் முடிந்துவிட்டன; ஐந்தும் நல்ல மாதிரியாகவே சொல்லியிருந்தன. ஃபாதர் ரெலிபோனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். எட்வேட் கதிரையை முன்னுக்கு இழுத்தார். செரீனா யன்னல் பக்கம் இருந்தாள். பிரசாந் எடுக்காமல் விட்டால் நல்லது என்று மாக்கஸுக்கு ஒரு பக்கம் இருந்தது. எடுத்தான். பின்னால் சட்டி பானைச் சத்தம்.

"மாக்கஸ் அமிர்தநாதரைத் தெரியுமோ, தம்பி?"

"தெரியும் ஃபாதர். பதினோராம் நம்பர்."

"எவ்வளவு பழக்கம்?"

"பழக்கம் எண்டு சொல்லேலாது. என்னை உள்ள விடக்கூடாது எண்டு கேற்காரனுக்குச் சொல்லி வைச்சவர்."

எட்வேட் நிமிர்ந்தார். ஃபாதர் மாக்கஸைப் பார்த்தார். மாக்கஸ் மேசையைப் பார்த்தான்.

"அப்ப உமக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும் ஃபாதர். பிறகும் போனனான் தானே. டிக்கெற் வாங்கிக்கொண்டு மற்ற வாசலால போறது. அதோட நாங்கள் கட்டின கட்டடம் அவர் இருந்த பில்டிங்குக்கு நேர் எதிரில. எட்டு மாசம் அவற்ற யன்னலைப் பாத்துக்கொண்டுதான் கல்லு அடுக்கினது. முழங்காலில ஐஸைக் கட்டிக்கொண்டு தனிய இருப்பார். ஒருத்தரும் வாறேல்லை."

"ஒருத்தரும் எண்டால்? மனுசி, பிள்ளை எண்டு..."

"என்ன ஃபாதர் கதைக்கிறீங்கள்?" என்றது இத்தாலி. "ஒரு பெட்டி புட்டையே உள்ள எடுக்காத மனுசன். மனுசியை எப்பிடி எடுப்பார்?"

முதலில் சிரித்தது எட்வேட். இருமல் போலத் தொடங்கி, தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஃபாதரும் சிரித்துவிட்டார். "காணும் ஃபாதர்," என்றார் எட்வேட் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தச் சாட்சி காணும். மற்றவை எல்லாரும் நல்ல பிள்ளை எண்டவை. உவன்தான் உண்மை சொல்லுறான்."

செரீனா சிரிக்கவில்லை. அவள் எழுந்து மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"தம்பி, நான் செரீனா. அவர் கட்டப்போற ஆள். உங்களை அப்பிடிச் செய்த பிறகும் ஏன் டிக்கெற் வாங்கிப் போனனீங்கள்?"

சட்டி ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த ஊரில தமிழ்ப் பேர் எழுதின சேட்டு அது ஒண்டுதான் இருந்தது, அக்கா."

வெளியே பார்க்கிங்கில் எட்வேட் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். செரீனா மாக்கஸுக்கு முன்னால் நின்றாள்.

"ஞாயிறு வருவீரோ?"

"நீர்?"

"நான் அப்பாவோட வருவன். ஒருத்தரையும் உள்ள எடுக்காத மனுசன் எண்டு சாட்சி வந்திருக்கு. அது தடையோ இல்லையோ எண்டு நானும் யோசிக்கவேணும்." ஜக்கற்றின் சிப்பை இழுத்துவிட்டாள். "எழும்பி ஏதும் சொல்லுவனோ மாட்டனோ எண்டு உமக்குத் தெரியாது. இருந்து பாரும், எப்பிடி இருக்கு எண்டு."

மூன்றாம் ஞாயிறு கோவிலில் இடமில்லை. எட்வேட்டின் சந்தேகம் ஊருக்கே தெரிந்துவிட்டது. வழக்கமாக ஆங்கிலப் பூசைக்குப் போகிறவர்களும் அன்று தமிழ்ப் பூசைக்கு வந்திருந்தார்கள். செரீனா இரண்டு வரிசை முன்னால், தகப்பனுக்குப் பக்கத்தில். மாக்கஸுக்கு அவளுடைய முதுகும், கட்டிய கொண்டையும், வாங்குப் பலகையின் விளிம்பைப் பிடித்த ஒரு கையும் மட்டுமே தெரிந்தன. வாங்கு மறைத்திருந்ததால் இடுப்பு தெரியவில்லை.

ஃபாதர் கடதாசியை எடுத்தார். அமிர்தநாதர், றீற்றா ஆகியோரின் மகன் மாக்கஸ். எட்வேட்டின் மகள் செரீனா. இது மூன்றாவதும் இறுதியுமான முறை. தடை ஏதும் அறிந்தவர்கள்.

மாக்கஸ் தன்னிடம் இருந்த தடைகளை எண்ணிப் பார்த்தான். அம்மா அவளை அனுப்பியிருக்கலாம். அனுப்பாமலும் இருக்கலாம். குணவதி அன்ரியை ஒருக்கா எட்டிப் பார் என்றுதான் அனுப்பினது, அம்மாவே சொன்னா. அந்த ஒருக்கா முதல் வாளி மீன் குழம்போடு முடிந்துவிட்டது. மிச்ச மாதங்கள் பனியில் நடந்து வந்து "விடாதை" என்று கத்தச் சொன்னது யார்? பதில் இல்லாத கேள்வி ஒன்று தனக்கு எதிராக இல்லாமல் இருப்பது அவனுக்குப் புதிதாக இருந்தது.

முன்னால், செரீனாவின் கை வாங்கை இறுக்கியது. உடம்பு கொஞ்சம் முன்னுக்கு வந்தது. மாக்கஸ் முன் வாங்கின் முதுகைப் பிடித்தான். அவள் குனிந்து கீழே விழுந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஃபாதர் கடதாசியை மடித்தார். அடுத்த அறிவித்தல், மண்டபத்துக் கூரை பற்றியது.

மாக்கஸ் திரும்பி அம்மாவைப் பார்த்தான். றீற்றா பீடத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தா. கண்ணிலும் இல்லை, தோளிலும் இல்லை, எங்கேயும் ஒன்றும் இல்லை. இவ்வளவு வருடம் ஆடியும் இப்படி ஒரு எதிராளியை அவன் சந்தித்ததில்லை.

பூசை முடிந்து சனம் கைகொடுத்தது. செரீனா படியில் நின்று யாரோடோ கதைத்தாள். அவனைக் கண்டதும் கைப்பையைத் தூக்கி ஆட்டினாள், வேண்டுமென்றே விழுத்தினேன் என்பது போல. இல்லாமலும் இருக்கலாம். அவன் கார்களுக்கு நடுவில் போய் இத்தாலிக்கு எடுத்தான்.

"பிரசாந், மாக்கஸ் கதைக்கிறன்."

"அண்ணை! ஓலை முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. கலியாணத்துக்கு உம்மைக் கூப்பிடத்தான் எடுத்தனான்."

"கனடாவுக்கோ? அப்ப விசாவுக்கு ஒரு லெற்றர் தருவீங்களோ?"

மாக்கஸின் தலைக்குள் பழைய மணி அடித்தது. இதற்குத்தானா, எல்லாம் இதற்குத்தானா என்று. அவனுடைய மௌனத்தின் நீளத்தை மறுபக்கத்தில் இருந்தவன் அளந்திருக்க வேண்டும்.

"பகிடிக்கு அண்ணை," என்று சிரித்தான் பிரசாந். பகிடிதானா என்பது சிரிப்பில் தெரியவில்லை. "அது கிடக்கட்டும். முழங்கால் எப்பிடி?"

மாக்கஸ் காரில் சாய்ந்து வலது காலின் பாரத்தை இடது காலுக்கு மாற்றினான்.

"நோகுது," என்றான். "படி இறங்கேக்க கூட நோகுது."